பெற்றோர் ஆசிரியர் கழக விதிகள்: 11 பக்கத்தில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் என் மகள்கள் இருவர் 6ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் படிக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம் பதிவு பெற்றது, 640 உறுப்பினர்கள். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால்தான் வாட்ஸ்அப்பில் தகவல் போட்டுப் பொதுக்குழுவைக் கூட்டினார்கள். 70 பேர் வந்திருந்தோம். 45 பேர் கை தூக்க, ஆண்டுச் சந்தா 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகிவிட்டது. கட்டாவிட்டால் டிசி கிடைக்காது என்கிறார்கள். கேட்டால் 11 பக்கத் துணை விதி நகலைக் கையில் கொடுத்து, ‘எல்லாம் விதிப்படிதான்’ என்கிறார்கள். நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதல் இரண்டு பக்கம் கழகத்தின் நோக்கங்களாக இருக்கும். அதை அப்புறம் படிக்கலாம். நேராகச் சந்தா விதிக்குப் போங்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

‘ஆண்டுச் சந்தா ரூ.200’ என்று தொகையே அச்சாகி இருந்தால், அதை மாற்றுவது விதியையே திருத்துவதாகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி துணை விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இன்ன தீர்மானம் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். வந்திருக்கும் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். 70 பேருக்கு அது 53. உங்கள் கூட்டத்தில் 45தான். நாள் கணக்கிலும் தவறியது, தலைக் கணக்கிலும் தவறியது. இரண்டும் சரியாக இருந்தாலும், திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து பதிவு செய்தாக வேண்டும்.

அதே வரி ‘செயற்குழு அவ்வப்போது நிர்ணயிக்கும் சந்தா’ என்று இருந்தால் நிலைமை வேறு. செயற்குழுவே கூடி உயர்த்தலாம். பொதுக்குழுவில் எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பது பெரிய விஷயமில்லை. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது செயற்குழு கூடிய தேதியும் அந்தத் தீர்மானத்தின் நகலும்தான்.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. பல கழகங்களின் விதியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: ‘மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 50 பேர், இவற்றில் எது குறைவோ அது.’ கடைசிச் சொற்களைக் கவனித்துப் படியுங்கள். ‘எது குறைவோ’ என்றால் 50 பேர் போதும், உங்கள் கூட்டம் செல்லும். ‘எது அதிகமோ’ என்றிருந்தால் 214 பேர் வேண்டும். 70 பேர் கூடிப் போட்ட தீர்மானம் நிற்காது. தட்டச்சில் இந்த ஒரு சொல் மாறிய நகல்களும் புழக்கத்தில் உண்டு. அதனால் பள்ளி கொடுத்த நகலை மட்டும் நம்ப வேண்டாம். பதிவுச் சான்றிதழில் உள்ள வரிசை எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இதுவரை பதிவான திருத்தங்களையும் சேர்த்துக் கேளுங்கள். வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்ததால், பழைய கழகங்களின் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டால் ஒரு நடை மிச்சம்.

கோரத்துக்குப் பக்கத்திலேயே ஒத்திவைப்பு விதி இருக்கும். கோரம் சேராவிட்டால் அரை மணி நேரம் பொறுத்து, இருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்று பல விதிகள் சொல்கின்றன. அந்த விதி இருந்தாலும், அறிவிப்பில் இல்லாத பொருளை அங்கே புதிதாகக் கொண்டுவர அது இடம் தருகிறதா என்று பாருங்கள். பொதுவாகத் தராது.

இதையெல்லாம் நிரூபிக்க உங்களுக்கு உதவுவது மினிட்ஸ் நோட்டு. அதைப் பார்க்க எழுத்தில் கேளுங்கள். பார்க்கும்போது தீர்மானத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கையெழுத்துப் பக்கத்தை நிதானமாகப் புரட்டுங்கள். தலைப்பில் கூட்டத்தின் தேதியும் நேரமும் இருக்கிறதா, வரிசை எண் தொடர்ச்சியாக வருகிறதா, தீர்மானம் முடிந்த இடத்துக்குக் கீழே இடம் விட்டுப் பிறகு எழுதிச் சேர்த்த வரிகள் உண்டா? ரேங்க் கார்டு வாங்க வந்த பெற்றோர் போட்ட கையெழுத்தே பொதுக்குழு வருகைப் பதிவாக ஒட்டப்படுவது உண்டு. அதனால்தான் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போட வேண்டும். மேலே வெற்றிடமாக இருந்தால் போடவே வேண்டாம்.

உறுப்பினர் யார் என்ற விதியையும் விடாதீர்கள். வாக்கு குடும்பத்துக்கு ஒன்றா, அப்பா அம்மா இருவருக்கும் தனித்தனியா? இரண்டு பிள்ளைகள் படித்தால் சந்தா ஒன்றா, இரண்டா? உங்களுக்கு இது நேரடியாக 1,000 ரூபாய் வித்தியாசம். பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் உறுப்பினர் தகுதி முடிகிறது என்று பெரும்பாலான விதிகளில் இருக்கும். ஆனாலும் மகள் பிளஸ் டூ முடித்துப் போன பிறகும் பதவியில் தொடரும் நிர்வாகிகள் உண்டு. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். விதியில் ஐந்து என்று எழுதியிருந்தாலும் சட்டம்தான் செல்லும்.

பண விதியில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, ரொக்கமாக வைத்துக்கொள்ளக்கூடிய உச்சத் தொகை, தணிக்கை செய்த வரவு செலவைப் பொதுக்குழுவில் வைத்தல். எண்ணிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

டிசி விஷயத்தில் தயங்கவே வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வியில், அதாவது 8ஆம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்கிறது. கழகச் சந்தா பாக்கி அதற்குத் தடையாகாது. சேர்க்கையின்போது, அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்ற பெயரில் வாங்கினாலும் அச்சட்டப்படி அது குற்றம். வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. சந்தா கட்டாதவருக்கு வாக்கில்லை என்று விதி சொல்லலாம். அதற்கு மேல் பிள்ளையின் மேல் கை வைக்க எந்தத் துணை விதிக்கும் அதிகாரமில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போகச் சொல்லி உங்களை அலைக்கழிக்கலாம். அது வேறு, இது வேறு. அந்தக் குழு கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே. கழகத்தின் சந்தாவை அது கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். கூட்ட அறிவிப்பின் நகல், வருகைப் பதிவு, தீர்மானம், பதிவான திருத்தம் ஆகிய நான்கையும் கேளுங்கள். இரண்டு படி எழுதி, ஒன்றில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், பெற்றதற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ செயற்குழுவில் பெரும்பான்மையினரோ கேட்டால் அவர் விசாரிக்கலாம், தானாகவும் எடுக்கலாம். மூன்றில் ஒரு பங்கு என்றால் உங்களுக்கு 214 கையெழுத்து. பீடி சுற்றும் வீடுகளிலும் ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வருபவர்களிடமும் வாங்க வேண்டியிருக்கும். வகுப்புக்கு ஒரு தாய் என்று பொறுப்பெடுத்தால் இரண்டு ஞாயிறில் முடியும்.

மறு கூட்டம் போடச் சம்மதித்தால், வார நாளில் காலை 11 மணி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஞாயிறு மாலை வையுங்கள். அறிவிப்பு தமிழோடு உருதுவிலும் தெலுங்கிலும் போகட்டும், பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பட்டும். 21 நாள் கணக்கை அறிவிப்பு கையில் கிடைத்த நாளுக்கு மறுநாளிலிருந்து எண்ணினால் சண்டைக்கு இடமிராது.