கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களைத் திரும்ப டிஜிட்டல் கேமராவுக்குள் ஏற்றுவது எப்படி? ஏற்றினாலும் கேமரா ஏன் காட்டுவதில்லை?

படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு மெமரி கார்டைக் காலி செய்துவிட்டீர்கள், இப்போது அதே படங்களைக் கார்டில் காப்பி செய்து கேமராவில் சொருகினால் 'படம் எதுவும் இல்லை' என்று வருகிறது, இதுதானே கேள்வி? கார்டும் கெடவில்லை, கேமராவும் கெடவில்லை. பென் டிரைவில் எதைப் போட்டாலும் அது பாட்டுக்கு இருக்கும். கேமரா அப்படி இல்லை, தான் எடுத்தது மாதிரி இருக்கிற படத்தை மட்டும்தான் அது தேடிப் பார்க்கும். ஃபைலின் பெயர், அது கிடக்கும் ஃபோல்டர், ஃபைலுக்குள்ளே இருக்கும் அமைப்பு, இந்த மூன்றும் அதற்குப் பிடிபட வேண்டும். பிடிபட்டால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் காட்டும்.

முதலில் கேபிளை மறந்துவிடுங்கள். யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் நிறைய கேமராக்கள் படத்தை எடுக்க விடும், உள்ளே போட விடாது. கேமராவும் கம்ப்யூட்டரும் பிடிபி, எம்டிபி என்ற முறைகளில் பேசிக்கொள்வதால் இப்படி. சில கேமராக்களில் மெனுவுக்குள் போய் யுஎஸ்பி இணைப்பை 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று மாற்றலாம், அப்போது கார்டு ஒரு டிரைவாகத் தெரியும். ஆனால் இதெல்லாம் எதற்கு, ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள், எந்த கேமராவாக இருந்தாலும் வேலை முடியும். கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு கீழே இறங்கியிருந்தால் எதையும் எழுத விடாது, அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதற்கென்று தனியாக ஒரு கார்டு வையுங்கள். அதைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கம்ப்யூட்டரில் வேண்டாம். (ஃபார்மட் செய்தால் கார்டில் இருப்பது எல்லாமே போய்விடும், அதனால் அதில் ஒன்றுமில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மட்டும்.) பழைய கேமராவாக இருந்தால் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஹெச்சி கார்டையே அது படிக்காமல் போகலாம், 32 ஜிபிக்கு மேல் போனால் எஸ்டிஎக்ஸ்சி, அதற்கு இன்னும் புதிய கேமரா வேண்டும்.

ஃபார்மட் முடிந்ததும் எதையாவது ஒரே ஒரு படம் எடுங்கள். சுவரைக்கூட எடுங்கள், பரவாயில்லை. இந்த ஒரு படத்தில்தான் விஷயமே இருக்கிறது. கார்டை ரீடரில் போட்டுத் திறந்தால் டிசிஐஎம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 100 என்ற எண்ணில் தொடங்கும் இன்னொரு ஃபோல்டர், அதற்குள் அந்தச் சுவர்ப் படம் இருக்கும். உங்கள் கேமராவுக்கு எந்தப் பெயர் பிடிக்கும் என்று அதுவே எழுதிக் காட்டிவிட்டது, இனி அதைப் பார்த்து மற்றதற்குப் பெயர் வைத்து அதே ஃபோல்டரில் போட்டால் போதும்.

இந்தப் பெயர் முறைக்கு டிசிஎஃப் என்று பெயர், 1998-இல் ஜப்பானில் வகுத்தார்கள், இன்றைக்கும் டிஜிட்டல் கேமராக்கள் இதன்படிதான் நடக்கின்றன. ஃபோல்டர் பெயரில் முதல் மூன்றும் எண், 100-லிருந்து 999 வரை, அதற்குப் பின்னால் ஐந்து எழுத்து. ஃபைல் பெயரில் முதலில் நான்கு எழுத்து (அடிக்கோடும் 0 போன்ற எண்ணும் இங்கே எழுத்துக் கணக்குதான்), பின்னால் நான்கு எண், 0001-லிருந்து 9999 வரை. கேனான் என்றால் ஐஎம்ஜி_0001, நிக்கான் என்றால் டிஎஸ்சி_0001, சோனி என்றால் டிஎஸ்சி00001. எழுத்தெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது, அடைப்புக்குறி கூடாது, தமிழ்ப் பெயர் கூடவே கூடாது. 'அக்கா கல்யாணம் 12' என்று மாற்றி வைத்திருந்தால் கேமராவைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஃபைலே கார்டில் இல்லை. விண்டோஸில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், அது பின்னால் அடைப்புக்குறிக்குள் எண் போட்டுவிடும். ஐர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் சாஃப்ட்வேரில் மொத்தமாகப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது, அதில் எண் வரவேண்டிய இடத்தில் நான்கு ஹேஷ் குறி போட்டால் நான்கு இலக்கமாகவே வரிசைப்படி வரும். இலவசம்தான்.

ஒரே எண்ணில் இரண்டு ஃபோல்டர் வைக்காதீர்கள். 9999 போன்ற பெரிய எண்ணும் வேண்டாம். நிறைய கேமராக்கள் கார்டில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணத் தொடங்கும். 999-ஆம் ஃபோல்டரில் 9999-ஆம் படம் என்று வந்துவிட்டால் அடுத்த படம் எடுக்கவே விடாது.

இந்த வேலையெல்லாம் எதற்கு, போனில் காட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்குக் காரணம் இருக்கிறது. நான் காங்கேயம் பக்கம், காங்கேயம் மாடுகளைப் படம் எடுப்பவன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, இரண்டுக்கும் போவேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக (செம்பழுப்பாக) இருக்கும், ஆறு மாத வாக்கில் நிறம் மாறி மயிலையாகிவிடும் (சாம்பல் நிறம்), காளையானால் திமிலிலும் கழுத்திலும் கருப்பு ஏறும். அதனால் போன வருடத்துப் படத்தையும் கேமராவிலேயே ஏற்றிக்கொண்டு போனால் அதே கோணத்தில் நின்று இந்த வருடம் எடுக்கலாம், ஒரே திரையில் ஒன்றுக்கடுத்து ஒன்றாகத் தட்டிப் பார்க்கலாம். "ஏனுங் தம்பி, போன சந்தையில எடுத்தீங்கல்ல, அந்தக் கன்னு படம் இருக்குதுங்களா?" என்று கேட்ட ஒரு பெரியவர், கேமராவை இரண்டு கையிலும் வாங்கி, வெயில் படாமல் தோள் துண்டை அதன் மேல் போட்டுக்கொண்டு, திமில் வரை பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். "அப்பவே நெத்தியில சுழி நல்லா உழுந்திருக்குது பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். மயிர்ச்சுழி பார்த்து மாட்டைக் கணிப்பவர்களுக்குப் படம் தெளிவாக இருக்க வேண்டும், வாட்ஸப்பில் வந்து நசுங்கிய படத்தில் அது தெரியாது.

சரி, பெயர், ஃபோல்டர் எல்லாம் சரியாக இருந்தும் கேள்விக்குறியோ 'காட்ட இயலாத படம்' என்றோ வருகிறதா? அப்படியானால் அது எடிட் செய்த படமாகத்தான் இருக்கும். கேமராவிலிருந்து வந்தபடியே கைபடாமல் இருக்கும் ஜேபெக் பெரும்பாலும் தகராறு செய்யாது. எடிட் செய்து சேமிக்கும்போது 'ப்ரோக்ரெஸிவ்' என்ற டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், கிம்ப் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் ஐர்ஃபான்வியூவிலும் சேமிக்கும் இடத்திலேயே இது இருக்கிறது. எக்சிஃப் தகவலையும் (எப்போது, எந்த கேமராவில் எடுத்தது என்று ஃபைலுக்குள்ளேயே இருக்கும் குறிப்பு) சிறுபடத்தையும் (தம்ப்நெயில்) சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். வாட்ஸப் இந்த எக்சிஃப் தகவலை உருவிவிட்டுத்தான் அனுப்புகிறது, அங்கிருந்து வந்த படம் கேமராவில் அடம்பிடிக்க அதுவும் ஒரு காரணம். சில சாஃப்ட்வேர் பழைய சிறுபடத்தை மாற்றாமலே விட்டுவிடும், அப்போது கேமராவின் கட்டம் கட்டமான பார்வையில் வெட்டாத பழைய படமும், திறந்தால் வெட்டிய படமும் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை. வேறு கம்பெனி கேமராவில் எடுத்த படம் மட்டும் எவ்வளவு சரிசெய்தாலும் சிலதில் தெரியும், சிலதில் தெரியாது. சோனியில் 'டேட்டாபேஸை மீட்கவா' என்று கேட்டால் சரி என்று அழுத்துங்கள், கேட்காவிட்டாலும் மெனுவில் அந்த வசதி இருக்கும்.

டிவியில் வீட்டாருக்குக் காட்டுவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் இதில் எதுவும் தேவையில்லை, டிவியில் யுஎஸ்பி இருந்தால் ஒரு பென் டிரைவில் போட்டுச் சொருகுங்கள்.

காப்பி முடிந்ததும் கார்டை வெடுக்கென்று பிடுங்காமல் 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள். கேமராவில் திறந்து எல்லாம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, முக்கியமான படங்களுக்கு 'ப்ரொடெக்ட்' போடுங்கள், தவறி டெலீட் அழுத்தினாலும் அழியாது. ஃபார்மட் கொடுத்தால் மட்டும் ப்ரொடெக்ட் போட்டதும் சேர்ந்தே போகும், அதனால் கம்ப்யூட்டரில் இருக்கும் மூலப் படத்தை 'அதுதான் கார்டில் இருக்கிறதே' என்று அழித்துவிடாதீர்கள்.