வயதான தற்காப்பு முன்வரிசை வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஓராண்டுக்கு மட்டும். அமெரிக்கக் கால்பந்தில் பிலடெல்பியா ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாமைப் பாருங்கள். 2021-இல் குதிகால் தசைநார் அறுந்தது, வயதும் 33, அவ்வளவுதான் என்றார்கள். அடுத்த பருவத்தில் பெரும்பாலும் மாற்று ஆளாக இறங்கியே எதிரணியின் பந்து வீசும் வீரரான குவார்ட்டர்பேக்கை, அவர் பந்தை வீசும் முன்பே 11 முறை சாய்த்தார், அதுதான் அவர் வாழ்நாள் உச்சம்! காரணம் எளிது: எதிரே நிற்கும் 140 கிலோ ஆளை ஒவ்வொரு முறையும் முட்டித் தள்ளவேண்டிய வேலை இது, பாதி ஆட்டம் உட்கார வைத்தால்தான் கடைசிக் கால்பகுதியில் காலில் வலு இருக்கும். 2023-இல் ஓராண்டுக்கே எடுத்தார்கள், சாய்ப்புகள் மூன்றாகக் குறைந்தன. அப்படியும் அது சரியான முடிவு என்பேன், ஏனென்றால் 2018 சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் எதிரணிக் குவார்ட்டர்பேக் டாம் பிராடி கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டவரிடம் இளையவர்கள் கற்க நிறைய இருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம்.