கானாவும் கிட்டாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக கானா கச்சேரிகளை யூடியூபில் விரும்பிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். சாவு வீட்டில் பாடிய பாட்டு கிட்டார், டிரம்ஸோடு மேடை ஏறிய பிறகும் மக்கள் பாட்டுதானா? கிராமத்துப் பாடல்களில் இருக்கும் உண்மை இதில் குறைந்துவிடவில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வயலும் வரப்பும் இருந்தால்தான் மக்கள் பாட்டு என்று நாம் பழகிவிட்டோம். வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் மூட்டை தூக்கியவர்களும் மில்லுக்குப் போனவர்களும் ரிக்‌ஷா ஓட்டியவர்களும் பாடிய கானாவும் மக்கள் பாட்டுதான்.

சாவு வீட்டில் பாடும் மரண கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் வந்ததும் இறந்தவரின் பேர், பார்த்த வேலை, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அப்புறம் அதையெல்லாம் தெரிந்த மெட்டில் கோத்து விடிய விடியப் பாடுவார். அந்த மெட்டு பெரும்பாலும் ஏதாவது சினிமாப் பாட்டினுடையதாகவே இருக்கும். தாளத்துக்கு டேப் (ஒரு வகைப் பறை), சட்டி, தபேலா, ஒன்றும் இல்லையென்றால் தீப்பெட்டி. கையில் கிடைத்ததை எல்லாம் தனதாக்கிக்கொண்டு வளர்ந்த இசை அது. கிட்டார் வந்ததும் கெட்டுப்போய்விடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தொண்ணூறுகளில் தேவாவின் இசையால் கானா தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பாட்டு போன தூரம் அந்தத் தெருப் பாடகர்கள் போகவில்லை. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா என்று ஒவ்வொருவராகத்தான் வெளியே தெரிந்தார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் கச்சேரி நடத்தியபோதுதான் நிலைமை மாறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவின் இசை வழிகாட்டலில் உருவான குழு அது. கானா பாடகர்களும் ராப், ராக் கலைஞர்களும் சேர்ந்து நின்று இட ஒதுக்கீட்டைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பாடினார்கள். ஆண்களே பாடிவந்த கானாவை அங்கே இசைவாணியும் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

சாவு வீட்டில் பாடியவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் தன் பேரோடு, தன் ஊர்ப் பேச்சோடு, காசு கொடுத்து வந்தவர்கள் முன்னால் நிற்பதில் என்ன உண்மை குறைந்துவிடும்?

ஒரு கவலை எனக்கும் உண்டு. மேடையில் ஒரு பாட்டுக்கு நாலைந்து நிமிடம்தான். எதிரே அழுகிற குடும்பத்தைப் பார்த்து அந்த நேரத்திலேயே வரி கட்டும் திறமைக்கு அங்கே வேலை குறைவு. யூடியூபில் ஓடுவதிலும் எழுதி வைத்துப் பாடியதே அதிகம். பெண்களைத் திட்டுவதற்கென்றே வரும் சில பாட்டுகளை நான் கானாவின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கச்சேரி அமைப்பவர்கள் மூத்த மரண கானா பாடகர்களுக்குத் தனியாக ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, எழுதி வைக்காமல் பாடச் சொல்ல வேண்டும். கச்சேரி அமைப்பவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், இதை அவர்களிடம் கேளுங்கள்.