செங்கோட்டை சிப்ஸ் கடையும் புனலூர்க் கிளையும்

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் சாலையில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறோம். நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி இரண்டையும் மட்டும் போட்டு நானும் கணவரும் ஆரம்பித்த கடை. குற்றால சீசனும் சபரிமலை சீசனும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கூட்டம் வருகிறதே என்று மிக்சர், முறுக்கு, பக்கோடா, அல்வா, கேக், ஜூஸ் என நாற்பது வகை சேர்ந்துவிட்டது. விற்பனை கூடியிருக்கிறது, கையில் காசு நிற்கவில்லை. இப்போது கொழுந்தனார், எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கிற புனலூரில் கிளை போடலாம், சரக்கை இங்கிருந்தே அனுப்பலாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கிளை இப்போது வேண்டாம். முதலில் அந்த நாற்பது வகையைப் பத்துக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததுமே எனக்குத் தோன்றியது இதுதான்.

கையில் நிற்காத காசு உங்கள் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கேக் இரண்டு நாள் போகாவிட்டால் குப்பைக்கு. ஜூஸுக்குப் பிரிட்ஜ், ஐஸ், கரண்ட் பில், கழுவ ஓர் ஆள். மழை பிடித்துக்கொண்டால் அதையும் கேட்க ஆளிருக்காது. ஆனால் ஒவ்வொரு வகைக்கும் கொள்முதல் செய்ய, விலை ஞாபகம் வைக்க, கெட்டுவிட்டதா என்று பார்க்க நீங்கள் இரண்டு பேர்தான்.

பெரிய நஷ்டம் எண்ணெய்ச் சட்டியில் நடக்கிறது என்பது என் எண்ணம். நேந்திரங்காயைக் கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு நேராகச் சீவிவிட்டு, பாதி வேக்காட்டில் மஞ்சள் உப்புத் தண்ணீர் தெளித்து, சலசலப்பு அடங்கும் நேரம் பார்த்து அள்ளுவது ஒரு கைப்பக்குவம். பக்கத்தில் யாராவது பில் போடக் கூப்பிட்டால் அந்த நேரம் தவறிவிடும். அதே எண்ணெயில் பக்கோடா போட்டால் கடலை மாவுத் தூள் அடியில் தங்கிக் கருகும், எண்ணெய் சீக்கிரம் கறுக்கும், வெங்காய வாடை அடுத்த ஈடு சிப்ஸில் ஏறிக்கொள்ளும். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருளான போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிப் போனதே, அந்த விலைக்கு வாங்கி வேளைக்கு முன்பே கொட்டுவது யாருக்குக் கட்டும்? சிப்ஸுக்கென்று ஒரு சட்டியை ஒதுக்குங்கள். வேறு எதுவும் அதில் விழக்கூடாது.

எதை நிறுத்துவது என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து வாதாட வேண்டாம், சண்டைதான் வரும். ஒரு நோட்டு போடுங்கள். வகைக்கு ஒரு வரி. வாங்கியது அல்லது போட்டது எவ்வளவு, விற்றது எவ்வளவு, வீணானது எவ்வளவு, அவ்வளவுதான். கடை அடைத்ததும் எழுத வேண்டும், காலையில் எழுதினால் மறந்திருக்கும். ஒரு மாதத்தில் எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். பல கடைகளில் காசு ஒழுகும் ஓட்டை அதுதான். அல்வா நன்றாகப் போகிறதென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், குற்றாலம் வந்தவர்கள் கேட்டு வாங்கும் சரக்கு அது.

அடுத்து, புனலூர். 1956 நவம்பர் 1இல் பிரியும் வரை இரண்டு ஊரும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. உங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் எல்லையில் இருக்கிற ஆரியங்காவு தாண்டி நடக்கிறது. அதனால் கிளை என்றால் பக்கத்துத் தெரு மாதிரித் தோன்றும். வரிக் கணக்கில் அது வேறு மாநிலம். ஜிஎஸ்டி பதிவு மாநிலத்துக்கு ஒன்று. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்ற சலுகை, மாநிலம் தாண்டிச் சரக்கு விற்றால் கிடைக்காது. உங்கள் கடையிலிருந்து உங்கள் கிளைக்கே அனுப்பினாலும் அதற்கு வரிக் கணக்கு உண்டு. சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அதைவிட்டு வெளியே வரவேண்டும். லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் வேண்டும். கிளைக்குத் தனியாக உணவுப் பாதுகாப்புப் பதிவு, வாடகை, அட்வான்ஸ், இரண்டு ஆள் சம்பளம். மலையாளத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தி உங்கள் கல்லாவில் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்களே, அதில் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை. அவர்கள் திரும்பத் திரும்ப நிறுத்துகிற மாதிரி சிப்ஸ் போடுவதைவிட லாபமான கிளை எனக்குத் தெரியவில்லை.

கொழுந்தனாரிடம் இதை வெட்டிப் பேசாதீர்கள். உழைக்கத் துடிக்கிற மனுஷர், வீட்டுக்கு அது பெரிய பலம். ஓணம் நெருங்கும்போது நேந்திரங்காய் விலை எகிறும், காயும் கிடைக்காது. வாழைத் தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, முற்றிய காயாகப் பார்த்து வெட்டவைத்து, விலை முடித்துக் கொண்டுவரும் பொறுப்பை முழுசாக அவரிடம் கொடுங்கள். சம்பளமோ பங்கோ, என்ன என்பதை மூன்று பேரும் பேசி முதல் நாளே அதே நோட்டில் எழுதிவிடுங்கள்.