சிரிப்பு அவனுக்கு, பேனா எனக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. திருமங்கலத்தில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். கூடப் படித்த நண்பன் டிவி காமெடி நிகழ்ச்சியில் மிமிக்ரி பண்ணுகிறான். மூன்று வருடமாக அவனுக்கு ஸ்கிட் எழுதித் தருவது நான்தான். டைட்டிலில் ஒருமுறைகூட என் பெயர் வரவில்லை. கேட்டால் ‘பார்க்கலாம் மாப்ள’ என்கிறான். வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் முழுநேரம் காமெடி எழுதலாமா? அம்மா வேண்டாம் என்று அழுகிறார்.
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: தம்பி, இப்போதைக்கு நான் அம்மா கட்சி. எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை, வேலையை விட வேண்டாம் என்கிறேன்.

கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். அவரும் முதலில் இன்னொருவருக்குத்தான் எழுதினார். 1976-ல் எஸ்.வி.சேகருக்கு எழுதிக் கொடுத்த நாடகத்தின் தலைப்பில் இருந்துதான் ‘கிரேஸி’ என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது. சொந்தக் குழு 1979-ல். டிவியும் சினிமாவும் அதற்கப்புறம்.

பெயர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். ஆனால் மேடையில் ஒருவர் தனியாக நின்று ஜோக் சொன்னால், அது அவர் சொந்தச் சரக்கு என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ‘லொள்ளு சபா’ என்றால் சந்தானம் முகம் உடனே வரும். எழுதி இயக்கிய ராம்பாலாவின் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். முகம் தெரியாமல் இருப்பது இந்தத் தொழிலோடு வருவது. அது உறுத்திக்கொண்டே இருக்கும் என்றால் நீங்களே மேடை ஏறுங்கள். மதுரை முத்துவும் ரோபோ சங்கரும் நம் பக்கத்து ஆட்கள்தானே!

எனக்கு உங்களிடம் இருக்கும் சந்தேகம் வேறு. மூன்று வருடமும் ஒரே வாய்க்கு எழுதியிருக்கிறீர்கள். அவன் எங்கே இழுப்பான், எங்கே குரலை மாற்றுவான் என்று தெரிந்து எழுதுகிறீர்கள். சிரிப்பில் எவ்வளவு உங்கள் வரி, எவ்வளவு அவன் தொண்டை? அதே ஸ்கிட்டை மிமிக்ரியே வராத ஒருவரிடம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். அங்கேயும் சிரித்தால் நீங்கள் எழுத்தாளர். சிரிக்காவிட்டால் அந்த ஒருவருக்காகவே புதிதாக ஒன்று எழுதிப் பாருங்கள். சென்னையில் நாளைக்கு உங்களிடம் கேட்கப் போவது இதைத்தான்: முன்பின் தெரியாத நடிகருக்கு, இந்த வாரத்துக்குள், கொடுத்த செட்டுக்குள். நிகழ்ச்சியை நிறுத்திவிட்டால் அந்த வருமானமும் அன்றோடு சரி.

பாடம் படிக்க சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம் நம் ஊர்த் திருவிழாக்களில் இன்னும் நடக்கிறது. ஆளாளுக்கு ஓர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகை இல்லாமல் விடிய விடிய ஆடுவார்கள். பபூன் வந்து நின்று, பாய் விரித்துப் படுத்திருக்கும் கூட்டத்தை எப்படி எழுப்பி உட்கார வைக்கிறார் என்று பாருங்கள். (இரட்டை அர்த்தத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். டிவியில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.) மதுரைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் கலந்தடித்து எழுதுகிறவர்கள் டிவியில் நிறையப் பேர். உங்கள் காது அங்கே காசாகும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்காமல் உரிமை வேறொருவருக்குப் போகாது. சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதினால் மட்டும் கதை வேறு. வெறும் ஐடியாவுக்கு உரிமை கிடையாது, எழுதிய வசனத்துக்குத்தான் உண்டு. ஆகவே டீக்கடையில் வாய்மொழியாகக் கதை சொல்வதை நிறுத்துங்கள்.

நண்பனோடு சண்டை வேண்டாம். அடுத்த ஸ்கிட்டுக்கு முன்னால் பெயரையும் பணத்தையும் பேசி முடியுங்கள். மறுபடியும் ‘பார்க்கலாம் மாப்ள’ என்றால், ‘சரி, பார்த்துவிட்டுச் சொல், அப்புறம் அனுப்புகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.