முயற்கொம்பை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய சாமான் சந்தையில் பாடம் செய்த முயல் ஒன்றைப் பார்த்தேன். தலையில் சின்ன மான்கொம்பு, முதுகில் இரண்டு சிறகு. ‘வோல்பர்டிங்கர்’ என்றார் கடைக்காரர். எல்லாம் நிஜ விலங்கில் எடுத்ததாம், 180 யூரோ சொல்கிறார். வாங்கலாமா? பொங்கலுக்கு வரும்போது ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: இல்லாத பொருளை நாம் முயற்கொம்பு என்கிறோம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்காரர்கள் அதை வோல்பர்டிங்கர் என்ற கட்டுக்கதை விலங்காகச் செய்தே சுவரில் மாட்டிவிட்டார்கள்! அழகான கைவேலை, ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. உங்கள் ஊரிலேயே உள்ள வேட்டை, மீன்பிடி அருங்காட்சியகத்தில் வோல்பர்டிங்கர்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வாங்கப் போனால் நல்ல வேலை எது என்று கண்ணுக்குப் பிடிபடும்.

கடைக்காரரிடம் முதலில் விலை பேசாதீர்கள். அந்தச் சிறகு எந்தப் பறவையுடையது என்று கேளுங்கள். காட்டு வாத்து, ஃபெசன்ட் என்ற கோழி இனப் பறவை என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. பருந்தோ ஆந்தையோ என்றால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றின் ஒரு இறகை விற்கவும் வாங்கவும்கூட அரசுச் சான்றிதழ் வேண்டும். 1947 மார்ச் 3-க்கு முன்பே பாடம் செய்யப்பட்ட பழம்பொருள் என்று நிரூபித்தால் மட்டும் விலக்கு. “ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது, எடுத்துச் செய்தேன்” என்று சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள். ஜெர்மனியில் அடிபட்ட முயலும் மானும் அந்தப் பகுதியின் வேட்டை உரிமை உள்ளவருக்கே சேரும், மற்றவர் எடுத்தால் வேட்டைத் திருட்டு. அதனால் ஒவ்வொரு உறுப்பும் எந்த விலங்கு, எங்கிருந்து வந்தது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பழையது என்று பெருமையாகச் சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க 18-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தோலுக்குள் ஆர்சனிக் என்ற விஷத்தைத் தடவுவது வழக்கம். முடிக்கு அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வேலைப்பாட்டைக் காதிலும் கண்ணோரத்திலும் பாருங்கள். நண்பர் வீட்டில் நான் பார்த்த ஒன்றில் காது விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. கண்ணாடிக் கண்ணுக்கும் இமைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. சிறகு சேரும் இடத்தில் முடியை விலக்கினால் பசை கட்டிகட்டியாக நின்றது. அவர் ஏமாந்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான். முடியை லேசாக இழுத்துப் பாருங்கள், கொத்தாகக் கையோடு வந்தால் பூச்சி விழுந்திருக்கிறது.

சரி, ஊருக்குக் கொண்டுவருவது? அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். காட்டு விலங்கின் தோலையும் இறகையும் உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. சுங்கத்தில் பறிபோகும், வழக்கும் வரலாம். மியூனிக் வீட்டிலேயே வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்டுங்கள். பொங்கலுக்குக் கிளம்பும் முன் அடியில் பூச்சி அரித்து மரத்தூள் மாதிரி ஏதாவது உதிர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.