மேடை வேண்டாம், வட்டம் போடுங்கள்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண் பிள்ளைகள். தங்களுக்குள் வாய் ஓயாது. எழுந்து பேசச் சொன்னால் தலை குனிந்துவிடும். எழுதி வைக்காமல் அந்தந்த நேரத்தில் உருவாக்கி நடிக்கும் 'இம்ப்ரோவ்' நகைச்சுவை தைரியம் தரும் என்கிறார்கள். எனக்கு நடிப்பும் தெரியாது, ஜோக்கும் வராது. நான் சொல்லித்தர முடியுமா? பெற்றோர் ஒப்புவார்களா?

பதில்: தாராளமாக முடியும். ஜோக் வராதது நல்லதாகப் போயிற்று. சிரிக்க வைக்கிற டீச்சர் கிடைத்தால் பிள்ளைகள் அவரையே வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு இருக்கிறது. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாளே என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அதனால் முதலில் பழக்க வேண்டியது கேட்கிறவர்களை. ஒருத்தி எதைச் சொன்னாலும் மற்றவர்கள் அதை ஏற்று மேலே கொண்டுபோக வேண்டும். இம்ப்ரோவின் அடிப்படையே இதுதான். இது பிள்ளைகளிடமிருந்து வந்த கலையும்கூட. 1930களின் கடைசியில் சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்பவர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய விளையாட்டுகள்தான் இதற்கு வேர். அவர் மகன் பால் சில்ஸ் வேறு சிலரோடு சேர்ந்து 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி போன்ற நகைச்சுவை நாடகக் குழுக்கள் வழியே பிறகு பெரியவர்களின் மேடைக்குப் போனது.

முதல் சில வாரங்கள் மேடையும் வேண்டாம், பார்வையாளரும் வேண்டாம். வட்டமாக நில்லுங்கள், நீங்களும் உள்ளே. 'ஆமா, அப்புறம்' விளையாட்டில் ஆரம்பிக்கலாம். ஒருத்தி, "பாம்பன் பாலத்துல ஒரு திமிங்கலம் மாட்டிக்கிச்சு" என்கிறாள். அடுத்தவள், "ஆமா, அப்புறம் அது ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட டிக்கெட் கேட்டுச்சு" என்கிறாள். மூன்றாமவள் "போடி, பொய்யி" என்றால் கதை அங்கேயே செத்தது. திட்டாதீர்கள், நிறுத்தாதீர்கள், ஓரத்திலிருந்து "ஆமா, அப்புறம்?" என்று மட்டும் எடுத்துக் கொடுங்கள். ஸ்போலின் கையாண்ட வழியும் இதுதான். நாலாமவள் திணறி, "ஆமா, அப்புறம்... தெரியலக்கா" என்பாள். அதையும் தள்ளக்கூடாது. "ஆமா, திமிங்கலத்துக்கும் தெரியல, அப்புறம் முழிச்சுக்கிட்டே நின்னுச்சு" என்று அடுத்தவள் எடுத்துக்கொண்டால் போதும். யாரும் முயலாமலே சிரிப்பு வரும், திணறியவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்புறம் மீன் ஏலம். ஆனால் யாருக்கும் புரியாத பொய் மொழியில். சொல்லைத் தேட வேண்டியதில்லை என்றதும் கூச்ச சுபாவக்காரிக்குக் குரலும் கையும் தானாக எழும்பும். ஏலம் கூறுகிறவளை அடிக்கடி மாற்றுங்கள். எப்போதும் முன்னால் நிற்கிற ரெண்டு பேருக்கு விட்டுக்கொடுப்பது கஷ்டமாக இருக்கும். தலைமைப் பயிற்சியில் பாதி அதுதான், என்னைக் கேட்டால்.

நிறம், உடம்பு, சாதி, மதம், அடுத்த வீட்டுச் சண்டை எதுவும் கேலிக்குக் கிடையாது. இஷ்டமில்லாதவள் "பாஸ்" சொல்லலாம், காரணம் கேட்கக்கூடாது. கடலுக்குப் போனவர் திரும்பாதது, இலங்கைச் சிறை போன்றவற்றை நீங்களாகக் கதைக்குக் கொடுக்காதீர்கள். வட்டத்தில் நிற்கும் யாராவது ஒருத்தி வீட்டில் அது நடந்திருக்கும். பிள்ளையே கொண்டுவந்தால் கதையை மெல்லத் திருப்பிவிட்டு, பிறகு தனியே உட்கார்ந்து கேளுங்கள்.

பெற்றோர் விஷயம். 'நாடகம்' என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்ப்பவர்களும் அவர்கள்தான்! அங்கே பபூன் பேசுவதும் வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில் வாயில் வருவதுதானே. ஒளிக்காமல் அம்மாக்களையே கூப்பிடுங்கள். பாசி எடுக்க, கருவாடு காயப்போடப் போகிறவர்களுக்குப் பகலில் நேரம் இருக்காது. மாலையில் வரச்சொல்லி, வட்டத்திலேயே நிற்க வையுங்கள்.

ரெண்டு மாதம் போனதும் திமிங்கலத்தை விட்டு நிஜத்துக்கு வாருங்கள்: நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸின் கண்டக்டர், எடையைக் குறைக்கும் ரேஷன் கடை, பள்ளியில் பூட்டிக் கிடக்கும் கழிவறை. சாவி கேட்கும் காட்சியில் தலைமை ஆசிரியையாக நடிப்பவள் ஒரே கேள்விக்கு இறங்கக்கூடாது, மூன்று தடவையாவது மறுக்க வேண்டும். நன்றாகப் பழகியதும் ரெண்டு பேராகப் போய்ப் பள்ளியில் நிஜமாகவே கேட்டுவிட்டு வரட்டும்.